மன்னர் முகம் போட்ட பத்திரம்

ஏற்காடு மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி. இங்கே நிலம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மூலப்பத்திரத்தை. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒன்று இருக்கிறது. 1940களில் தாத்தா கிரயம் வாங்கியது. மடிப்புகள் விட்டுப்போய், குண்டூசி துருவேறி, தலைப்பில் மட்டும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் தெளிவாக நிற்கிறது.

இப்படியொரு முத்திரைத்தாளுக்காகத்தான் 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்தன. அதுவரை லண்டனோடு அவர்களுக்குப் பெரிய சண்டையில்லை. கடல் வாணிபத்தை லண்டன் பார்த்துக்கொள்ளும். உள்ளூர் வரியை அவரவர் சட்டசபை போட்டுக்கொள்ளும். 1733இல் வந்த சர்க்கரைப்பாகு வரியைக்கூட யாரும் கறாராக வசூலிக்கவில்லை. 1763இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு வெற்றியோடு பெருங்கடனும் சேர்ந்திருந்தது. அந்தச் சுமையில் பங்கு கேட்டு, குடியேற்றங்களில் பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றுக்கும் முத்திரை கட்டாயமாயிற்று. நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லையே என்றார்கள் அமெரிக்கர்கள். முத்திரை விற்க நியமிக்கப்பட்டவர்கள் பயந்து பதவி விலகினார்கள். ஓராண்டுக்குள் சட்டம் வாபஸ். ஆனால் கையோடு, குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டமும் போடத் தங்களுக்கு உரிமையுண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. வரி போயிற்று, வம்பு தங்கிவிட்டது.

அந்த இரண்டாவது சட்டத்தை மேலவையில் எதிர்த்து வாக்களித்த ஐந்து பிரபுக்களில் ஒருவர் கார்ன்வாலிஸ். அவரே 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்றுச் சரணடைந்தார்; பிறகு இந்தியாவுக்கு வந்து, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்தையும் பாரமகால் பகுதியையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி வாங்கினார். பின்னாலேயே கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேரே கிஸ்தி பேசினார்கள். இங்கே கேட்டு ஒப்புதல் வாங்க ஒரு சட்டசபை இல்லை. 1797இல் வங்காளத்தில் கம்பெனி புகுத்திய முத்திரைத்தாள் பிறகு இந்தப் பக்கமும் வந்தது. அமெரிக்கர்களைப் போல நாம் அதை எரிக்கவில்லை. அதில் எழுதாத பேச்சு செல்லாது என்று பழகிக்கொண்டோம்.

1899இல் வந்த இந்திய முத்திரைச் சட்டம்தான் இன்றும். மன்னர் போய் நான்முகச் சிங்கம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அன்றைய பாஸ்டன்காரர் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் இதைக் கேள்வி கேட்க நமக்கு ஓட்டு இருக்கிறது. தாத்தா கட்டியபோது ஊரில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

வில்லங்கம் பார்க்க அன்று மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று கைப்பேசியில் காசில்லாமல் பார்க்கலாம். எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை மனப்பாடமாகச் சொன்ன ஊர்க் கணக்கர், கர்ணத்தின் பதவி 1980இல் ஒழிந்தது. அவர் மனம் வைத்தால் பங்கு இடம் மாறவும் செய்யும் என்பதால், நான் அதற்கு முழுதாக வருந்தவில்லை.

போன மாதம் நிலம் பார்க்க வந்த ஓர் இளைஞர் மூலப்பத்திரத்தைக் கைப்பேசியில் படமெடுத்தார். மன்னர் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாருங்கண்ணா, பழைய ஓனரா?”