பதினெட்டு நெருப்பு

“அமிலம் கையில் இல்லாத காலத்தில் தங்கத்திலிருந்து வெள்ளியை எப்படிப் பிரித்தார்கள்?” என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த ஊர்க்காரர். உரைகல், மாற்று பற்றியெல்லாம் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே அக்பரின் தங்கசாலைக்குப் போய்விடலாம்.

1577-இல் ஃபதேபூர் சிக்ரி தங்கசாலையை அக்பர் ஒப்படைத்தது அப்துஸ் சமத் என்ற ஓவியரிடம்! அந்தக் காலத் தங்கசாலையில் யார் யாருக்கு என்ன வேலை என்பதை அபுல் ஃபசல் ‘ஆயினி அக்பரி’யில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். மேலே தரோகா என்ற கண்காணிப்பாளர், அவருக்குக் கீழே நாணயம் சோதிப்பவர், கணக்கர், பொக்கிஷக்காரர். அப்புறம் எடை போடுபவர், உருக்குபவர், தகடு அடிப்பவர், முத்திரை வெட்டுபவர். இத்தனை எடைக்கு இத்தனை தாம் (அக்காலச் செப்புக்காசு) என்று பலருடைய கூலியும் பின்னம் விடாமல் பதிவாகியிருக்கிறது. அரண்மனைப் புகழ்ச்சியைவிட எனக்கு இந்தக் கூலிக் கணக்குதான் பிடிக்கும்.

இனி வாசகர் கேட்டதற்கு வருகிறேன். கலப்புத் தங்கத்தை ஆறு விரல் நீள அகலத்தில் மெல்லிய தகடுகளாக அடிப்பார்கள். இடையில் யாரும் மாற்றிவிடாதபடி ஒவ்வொன்றிலும் முத்திரை விழும். வெடியுப்பும் சுடாத செங்கல் தூளும் சம அளவு கலந்து, தகடுகளுக்கு இடையே பரப்பி அடுக்கி, மேலே வரட்டி மூடித் தீ வைப்பார்கள். ஊதி எரிக்கக் கூடாது, தானாகக் கனன்று சாம்பலாக வேண்டும். சூட்டில் வெடியுப்பும் களிமண்ணும் சேர்ந்து விடும் ஆவி வெள்ளியை அரித்துத் தூளுக்குள் இழுத்துக்கொள்ளும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. மூன்று நெருப்புக்கு ஒருமுறை கழுவிப் புதுக் கலவை. இப்படி ஆறு கலவை, பதினெட்டு நெருப்பு.

அதன் பிறகு வரும் சோதனைதான் என்னை மயக்கியது. சோதகர் ஒரு தகட்டை எடுத்து உடைத்துச் சத்தத்தைக் கேட்பார். எங்கள் அத்தை வெயிலில் காயும் வடாமில் ஒன்றை ஒடித்துக் காது கொடுப்பார். சடக்கென்றால்தான் டப்பாவுக்குப் போகும். தங்கத்தில் இது தலைகீழ். சத்தம் மெத்தென்று வந்தால் தேறியது, கரகரத்தால் இன்னும் மூன்று நெருப்பு. தூய தங்கம் மென்மையானது, கலப்பு அதைக் கடினமாக்கிவிடும் என்பதுதான் காரணம். அது மட்டும் போதாதென்று தகட்டுக்கு ஒரு மாஷா எடை எடுத்து, சேர்த்து ஒரு தகடாக்கி, கல்லிலும் உரசிப் பார்ப்பார்கள்.

இவ்வளவு கறாராகப் பார்த்ததில் பழைய பெருமைகள் சில சரிந்தன. தூய்மையில் 10 மாற்று என்று நம்பப்பட்ட தக்காணத்துப் பொற்காசான ஹூன் 8½ ஆயிற்று. 12 என்றிருந்த டில்லி சுல்தான் அலாவுதீனின் தினார் 10½.

ஒதுக்கிய சாம்பலையும் எறியவில்லை. பிரிந்த வெள்ளி அதில்தானே இருக்கிறது! அதேபோல, உலைக்களச் சாம்பலை அரித்துக் கழுவிப் பொன்துகள் எடுப்பதற்கென்றே நியாரியா என்று ஓர் ஆள் இருந்தார். கழுவியும் மிஞ்சிய வண்டலில் சேருக்கு 6 மாஷா பாதரசம் தேய்ப்பார்கள். அது தங்கத்தைப் பற்றிக்கொண்டதும் வாலை என்னும் மூடிய வடிகலத்திலிட்டுச் சூடேற்றிப் பிரிப்பார்கள்.

இன்றும் நகைப் பட்டறைத் தெருக்களில் விடிவதற்குள் சாக்கடை மண்ணை வாரி அரிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை அதேதான். ஆனால் பாதரசத்தை வெறுங்கையால் பிசைந்து, திறந்த சட்டியில் காய்ச்சுகிறார்கள்; அந்த ஆவி மூளையையும் நரம்பையும் கெடுப்பது. நானூறு வருஷத்துக்கு முன்பே இருந்த வாலை இவர்களுக்கு இல்லை. தெருவுக்கு ஒன்றாக மூடிய உலை வைத்துக் கொடுக்க நகைக்கடைக்காரர்கள் மனது வைத்தால் முடியும். செய்கூலி, சேதாரம் என்று நம்மிடம் வாங்குகிறார்களே, அந்தச் சேதாரத்தில் ஒரு துளி போதும்.