கொரிய வகுப்பின் பின்மேசை

கராமாவிலிருந்து – 11

துபாயின் கராமாவில் ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் கொரியத் தொடரைச் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கிறாள் என்றால், அம்மா அதைப் பொழுதுபோக்குக் கணக்கில்தான் சேர்ப்பார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ‘சியோலுக்குப் போய்ப் படிக்கிறேன்’ என்று அவள் சொல்லும்போதுதான் வீடு விழித்துக்கொள்ளும். செலவு எவ்வளவு, ஸ்காலர்ஷிப் உண்டா, சர்டிபிகேட்டை எங்கே அட்டெஸ்ட் செய்வது? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்பவர் கொரிய இலக்கியப் பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழி மையத்தின் முன்னறையில் இரண்டு கணினித் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கோஆர்டினேட்டர்தான்.

வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் கிழக்காசியப் படிப்பு பெரும்பாலும் விருப்பப் பாடமாகவோ மாலை வகுப்பாகவோ மாணவர் மன்றமாகவோதான் உயிர்வாழ்கிறது. 1998இல் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட ஸாயித் பல்கலைக்கழகத்தில் கொரிய அரசின் ஆதரவோடு செஜோங் மன்னர் பெயரிலான மொழி நிலையம் இருக்கிறது. துபாய் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் சீனாவின் நிங்ஷியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் கன்ஃபூஷியஸ் நிலையம் இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும். ஆசிரியரையும் பாடநூலையும் அந்த நாடு அனுப்பும். செஜோங் நிலையங்கள் 2007இல் மங்கோலியாவில் தொடங்கியவை. 2012இல் இவற்றுக்கென்று சியோலில் தனி அறக்கட்டளையே வந்துவிட்டது.

ஏற்பாடு கேட்க அழகாக இருக்கிறது. நடத்துகிறவர்தான் இரண்டு எஜமானர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பறை ஒதுக்கீடு, கட்டண ரசீது, வாசல் பாஸ் எல்லாம் இந்த ஊர்ப் பல்கலைக்கழக விதிப்படி. வருகைப் பதிவு, அறிக்கை, அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கை எல்லாம் அந்த நாட்டு வடிவத்தில். ஆசிரியர் சில ஆண்டுகளில் மாறிப் போவார். அவருக்கு வீடு பார்த்து, எமிரேட்ஸ் ஐடி எடுத்துக் கொடுத்து, கடைசியில் வழியனுப்பியும் வைப்பது இதே மேசைதான்.

காலண்டர் ஒன்றே போதும், கோஆர்டினேட்டர்களின் மண்டையைக் காய வைக்க. கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் பிறக்கும். அமீரகப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் கடைசியில். இங்குள்ள சிபிஎஸ்இ பள்ளியில் ஏப்ரலில். 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரை நாளாக்கியது. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாளாக்கிக்கொண்டது. ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் படிப்பவருக்கும் அபுதாபியில் வேலை பார்ப்பவருக்கும் பொதுவாக ஒரு மாலை நேரத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். அதோடு ரமலானும் வரும். வேலை நேரம் குறையும், இஃப்தாருக்கு முன் ஒரு ரோட்டிலும் நகர முடியாது, அட்டவணையை மறுபடி எழுத வேண்டும்.

இங்கே கொரிய மொழி ஆர்வம் நாடகத்தாலும் பாட்டாலும் மட்டும் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். முதலில் வந்தது கான்கிரீட். 2010இல் திறந்த புர்ஜ் கலீஃபாவைக் கட்டியவர்களில் சாம்சங்கின் கட்டுமான நிறுவனம் முக்கியமானது. 2009 டிசம்பரில் பராக்கா அணுமின் நிலைய ஒப்பந்தம் கொரிய மின்வாரியத்தின் தலைமையிலான குழுவுக்குப் போனது. ஒவ்வொன்றும் 1400 மெகாவாட் வீதம் நான்கு உலைகள். 2011 முதல் கொரியச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்று அமீரகத்தில் தங்கிப் பயிற்சி கொடுக்கிறது. கொரியக் கலாசார மையம் அபுதாபியில் திறந்தது அதற்கெல்லாம் பிறகு, 2016இல். 2024 மே மாதத்தில் இரு நாடுகளும் வர்த்தக உடன்பாட்டிலும் கையெழுத்திட்டன.

சென்னையிலும் இதே வரிசைதான். ஹூண்டாய் 1996இல் வந்தது, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது, இந்திய-கொரியக் கலாசார அமைப்பான இன்கோ மையம் 2006இல் தொடங்கியது. டில்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அங்கே கொரிய மொழி கற்பிக்கத் தொடங்கியது 1976இல். இந்தியாவும் தென் கொரியாவும் தூதரக உறவு கொண்டு மூன்றே வருடம் ஆகியிருந்தது, ஹூண்டாய் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. 1995இல் பட்டப் படிப்பாகவும் ஆக்கினார்கள். பாடத்துறையாகத் தொடங்கியது ஒரு வருடம் மாணவர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஒப்பந்தத்தின் நிழலில் தொடங்கியது ஆண்டுதோறும் தலையெண்ணிக்கை காட்டியாக வேண்டும். வளைகுடாக் கோஆர்டினேட்டர் கொரிய அறுவடை விழாவான சூசோக்குக்கும் கொரிய எழுத்தைக் கொண்டாடும் ஹங்குல் தினத்துக்கும் பேச்சுப் போட்டிக்கும் அப்படி ஓடுவதன் காரணம் இதுதான். அது கலை ஆர்வம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இனி அந்தக் கராமாப் பெண்ணின் கோப்புக்கு வருவோம். இந்த மேசையின் திறமை தெரிவது அங்கேதான். கொரிய அரசின் உதவித்தொகை குடியுரிமையைப் பார்க்கும், வசிப்பிடத்தைப் பார்க்காது. துபாய் லத்தீஃபா மருத்துவமனையில் பிறந்து, கராமாவை விட்டு வெளியே வாழ்ந்ததே இல்லை என்றாலும், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் இந்திய ஒதுக்கீட்டில்தான் போட்டியிட வேண்டும். தூதரகம் வழி என்றால் அபுதாபி இல்லை, டில்லி. இளநிலைப் படிப்புக்கான அறிவிப்பு வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் வரும். சேர்க்கை அடுத்த மார்ச்சில். சிபிஎஸ்இ ரிசல்ட் மே மாதம். ஆகவே பள்ளி முடித்த பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் கையில் இருக்கும். அந்த வருடத்தை வீணாக்காமல் கொரிய மொழித் தேர்வான டோபிக் எழுதச் சொல்வது கோஆர்டினேட்டரின் முதல் யோசனையாக இருக்கும். ஆறு நிலைகளில் மூன்றாவதை எட்டாமல் இந்த உதவித்தொகையில் பட்டப் படிப்புக்குள் நுழைய முடியாது. அதற்கென்றே கொரியாவில் முதல் ஒரு வருடம் மொழி வகுப்பு. ஐந்தாம் நிலை கையில் இருந்தால் அந்த வருடம் மிச்சம். ஆனால் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சீக்கிரம் எழுதிவிட்டேன் என்று பெருமைப்படுவதிலும் ஆபத்து உண்டு.

சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கல். ஒரே முத்திரையால் ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியாவும் கொரியாவும் இருக்கின்றன. அமீரகம் அதில் சேரவில்லை. சிபிஎஸ்இ மதிப்பெண் பட்டியல் இந்திய ஆவணம், அதற்கு டில்லி வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். அதே பிள்ளையின் ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொடுத்தது துபாய்ப் பள்ளி. அதற்கு உள்ளூர்க் கல்வித் துறை, பிறகு 150 திர்ஹாம் கட்டி அமீரக வெளியுறவு அமைச்சகம், பிறகு கொரியத் தூதரகம் என்று வேறு பாதை. ஒரே பிள்ளை, ஒரே பள்ளி, இரண்டு நாட்டு முத்திரை. படிவம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்காரர்கள் முதல் பாதையில் கெட்டிக்காரர்கள்; இரண்டாவதில் எந்த முத்திரை முதலில் விழ வேண்டும் என்பதை மொழி மையத்தின் மேசையில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வரிசை தவறினால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று. அனுப்பிய காகிதம் எதையும் கொரியர்கள் திருப்பித் தருவதில்லை. அசல் மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டுவிட்டுப் பிறகு கையைப் பிசையாதீர்கள். அத்தாட்சி பெற்ற நகல் எதற்கெல்லாம் செல்லும் என்பதை முதலிலேயே கேளுங்கள். மொழி மையத்துக்குப் போகும்போது ஆகஸ்டில் போங்கள். செப்டம்பரில் அந்த மேசையில் உங்களுக்கு முன்னால் பெரிய கூட்டம் நிற்கும்.

(தொடரும்)