மது விற்காத மாடி
இரவு நகரங்கள் – தொடர் 11

சென்ற வாரம் நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரின் வாசலில் நிறுத்தியிருந்தேன். 1969 ஜூன் 28 அதிகாலையில் அங்கே நடந்த போலீஸ் ரெய்டும், அதை எதிர்த்து எழுந்த கலவரமும் பலரும் எழுதித் தீர்த்த கதை. எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு சங்கதி உண்டு. கிறிஸ்டோபர் தெருவில் இருந்த அந்த பாருக்கு இளைஞர்கள் போனதே நடனமாடத்தான். குடிப்பதற்குப் போக அங்கே ஒன்றுமில்லை. சரக்கில் தண்ணீர் கலந்திருக்கும். கவுண்டருக்குப் பின்னால் குழாய்கூடக் கிடையாது. குடித்து வைத்த கிளாஸைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். நடத்தியவர்கள் மாஃபியாக்காரர்கள். போலீசுக்கு மாமூல் தவறாமல் போனது. ஆனால் உள்ளே ஜூக்பாக்ஸ் பாடியது, ஆணும் ஆணும் சேர்ந்து ஆட இடம் இருந்தது. போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் வெள்ளை விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். ஆடுகிறவர்கள் உடனே விலகி நிற்க வேண்டும்.

அன்றைய நியூயார்க்கில் நடன அரங்கில் மூன்று ஆண்களுக்கு ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி. மதுவிலும் ஒரு சிக்கல். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற பாரை ‘ஒழுங்கீனமான இடம்’ என்று சொல்லி உரிமத்தைப் பிடுங்கிவிட முடியும். 1966 ஏப்ரலில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்குப் போராடிய மேட்டசீன் சங்கத்து ஆட்கள் கோட்டு, டை சகிதம் ஜூலியஸ் என்ற பாருக்குப் போய், “நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், எங்களுக்கு மது வேண்டும்” என்று கேட்டார்கள். பரிமாறுகிறவர் கிளாஸின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. உரிமத்துக்குப் பயந்த கண்ணியமான முதலாளிகள் ஒதுங்கிக்கொள்ள, பயமில்லாத மாஃபியா அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. ஒழுக்கத்தைக் காக்க வந்த விதி கடைசியில் கொழுக்கவைத்தது ரவுடிகளை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டேவிட் மன்குசோ. வழக்கு போட்டவரல்ல, கொடி பிடித்தவருமல்ல. 1944இல் யூட்டிகா என்ற சிறு நகரத்தில் பிறந்து அங்கேயே அநாதை விடுதியில் வளர்ந்தவர். விடுதியில் சிஸ்டர் அலிசியா என்ற கன்னியாஸ்திரீ அறையெங்கும் பலூன் கட்டி, இசைத்தட்டு போட்டு, குழந்தைகளுக்கு விருந்து வைப்பாராம். பின்னாளில் மன்குசோ தன் இரவுகளுக்கு அதைத்தான் மூலம் என்று நம்பினார்.

1970 காதலர் தினத்தன்று, பிராட்வே 647ஆம் எண்ணில் தான் குடியிருந்த மாடியில் மன்குசோ ஒரு விருந்து வைத்தார். ஒருகாலத்தில் பட்டறைகளும் கிடங்குகளுமாக இருந்து காலியான வட்டாரம் அது. அப்படிப்பட்ட மாடிகளை அங்கே லாஃப்ட் என்பார்கள். அந்த விருந்துக்கும் பிறகு அதுவே பெயராக நிலைத்தது. அழைப்பிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சில டாலர் கொடுத்தால் போதும். பழம், பானகம், தின்பண்டம் எல்லாம் இலவசம். கோட்டை வாங்கி வைக்க ஆள் உண்டு. மது விற்பனை மட்டும் கிடையாது. கிட்டத்தட்ட நம்மூர்க் கல்யாண வீட்டு ஏற்பாடுதான். போதை மருந்தே இல்லாத புனிதத் தலம் என்று நினைத்துவிட வேண்டாம். அழைப்பிதழில் அச்சாகியிருந்த ‘லவ் சேவ்ஸ் தி டே’ என்ற வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்று வரும், வந்தவர்களுக்கு அது புரிந்தும் இருந்தது.

விருந்தின் சூட்சுமம் மது இல்லாததில் இருந்தது. மது விற்காவிட்டால் மது உரிமம் வேண்டாம். உரிமம் இல்லையென்றால் அதைப் பிடுங்குவேன் என்று யாரும் மிரட்ட முடியாது. பார்கள் காலை நான்கு மணிக்கு மூட வேண்டும். அந்தக் கெடுவும் இந்த மாடிக்கு இல்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிடாத வீட்டு விருந்தில் யார் யாரோடு ஆடினால் யாருக்கு என்ன? கறுப்பர், போர்ட்டோ ரிக்கோக்காரர், வெள்ளையர், பெண்கள், ஆணும் பெண்ணுமாக வந்த ஜோடிகள் என்று எல்லோரும் அங்கே கலந்து ஆடினார்கள். 1970களின் நடுவில் மன்குசோ பிரின்ஸ் தெருவுக்கு இடம் மாறியபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், விவகாரம் நகர நிர்வாகத்தின் விசாரணைக்குப் போனது. உணவோ பானமோ விற்காத இடத்துக்கு, நடன அரங்குகளுக்கான கேபரே உரிமம் தேவையில்லை என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு இதே அச்சில் வரிசையாகப் புதிய இடங்கள் முளைத்தன.

குடி இல்லாத இடத்தில் விடிய விடிய ஆளைப் பிடித்து வைப்பது எது? இசைதான். மன்குசோ இதில் பைத்தியமாகவே இருந்தார். பெரிய கிளிப்ஷ் ஒலிபெருக்கிகளை வாங்கிப் போட்டார். சிறுவயதில் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய அலெக்ஸ் ராஸ்னர்தான் அவருடைய ஒலிப் பொறியாளர். உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்களைக் கொத்தாகக் கட்டி, ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே நான்கு திசையிலும் தொங்கவிட வேண்டும் என்று மன்குசோ கேட்டபோது, இது அதிகம் என்று முதலில் தயங்கினாராம் ராஸ்னர். செய்து பார்த்த பிறகு அவரே அசந்துவிட்டார். பின்னாளில் மன்குசோ பாடல்களை ஒன்றோடொன்று கலக்கும் வித்தையையே விட்டுவிட்டார். ஒரு தட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடும், கை தட்டுவார்கள், அடுத்தது வரும். தன்னை டிஜே என்று அழைப்பதையும் அவர் விரும்பவில்லை.

ப்ரூக்ளினில் ஒரு மேற்கிந்தியத் தீவுக்காரரின் கடையில் அவருக்கு அகப்பட்ட ஒரு தட்டின் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. கேமரூன் நாட்டு சாக்ஸபோன் கலைஞர் மனு திபாங்கோவின் ‘சோல் மகோசா’. வானொலிக்கே தெரியாத பாட்டு. லாஃப்டில் கேட்டவர்கள் கடை கடையாகத் தேட, கைவசம் இருந்த பிரதிகள் தீர்ந்துபோயின. அவசர அவசரமாகப் போலிப் பதிவுகள் வந்தன. 1973இல் அட்லாண்டிக் நிறுவனம் உரிமை வாங்கி வெளியிட, அமெரிக்க விற்பனைப் பட்டியலிலேயே பாட்டு ஏறியது. ஒரு தனியார் மாடியில் நூறு, இருநூறு பேர் ஆடியே ஒரு பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோக முடியும் என்பது அப்போதுதான் இசை நிறுவனங்களுக்கு உறைத்தது. அந்தப் பாட்டில் வரும் தாளச் சொற்களைப் பிறகு மைக்கேல் ஜாக்சன் ‘த்ரில்லர்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் கையாண்டதும், திபாங்கோ உரிமை கேட்டதும், பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டதும் தனிக் கதை.

மன்குசோ கைவிட்ட கலக்கும் வித்தை வேறிடங்களில் வளர்ந்தது. 43ஆவது தெருவில் பழைய ஜெர்மன் தேவாலயம் ஒன்று சாங்க்சுவரி என்ற நடன அரங்காக மாறியிருந்தது. பலிபீடம் இருந்த இடத்தில் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டின் தாளத்தில் அடுத்த பாட்டின் தாளத்தைப் பிசகில்லாமல் பொருத்திக் காட்டினார் ஃபிரான்சிஸ் கிராஸோ. அவர் தன்பாலீர்ப்பாளர் அல்ல. அவர் முன்னால் ஆடிய கூட்டம் பெரும்பாலும் அவர்கள்தான். அன்சோனியா ஹோட்டலின் அடித்தளத்தில் கான்டினென்டல் பாத்ஸ் என்ற குளியல் விடுதி. இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு முன்னால் பெட் மிட்லர் பாடினார், பாரி மேனிலோ பியானோ வாசித்தார். அதே விடுதியில் தட்டு சுழற்றிப் பழகிய இரண்டு கறுப்பின இளைஞர்கள் லாரி லெவன், ஃப்ராங்கி நக்கிள்ஸ். இருவரும் அதற்கு முன் நிக்கி சியானோவின் கேலரி என்ற கிளப்பில் பலூன் ஊதிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே என்ற குறை மட்டும் இருந்தது. அதைத் தீர்த்தவர் டாம் மோல்டன், மாடலிங் தொழிலில் இருந்தவர். நியூயார்க் தன்பாலீர்ப்பாளர்களின் கோடைவாசத் தலமான ஃபயர் தீவில், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் பாட்டு முடிந்து எல்லோரும் கலைந்து போவதைப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து நாடாவை வெட்டி ஒட்டி, நிறுத்தமில்லாத ஒலிநாடா தயாரித்தார். பிறகு நிறுவனங்களே தங்கள் பாடல்களை நீட்டித் தரச்சொல்லி அவரிடம் வந்தன. ஒருநாள் மாதிரித் தட்டு வெட்டப் போன இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. இருந்த பெரிய தட்டிலேயே வெட்டினார் பொறியாளர். பெரிய தட்டின் மூலையில் ஒரு பாட்டு மட்டும் ஒடுங்கிக் கிடப்பது மோல்டனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளங்களைத் தட்டு முழுக்கப் பரப்பி வெட்டச் சொன்னார். பள்ளம் அகலமானால் ஊசிக்கு ஆட இடம் கிடைக்கும். சத்தம் கூடும், அடித்தாளம் நெஞ்சில் இடிக்கும். பன்னிரண்டு அங்குல சிங்கிள் பிறந்தது இப்படித்தான். 1976இல் சால்சோல் நிறுவனம் அதைக் கடைக்கே கொண்டுவந்தது. உலகத்து நடன இசை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்தத் தட்டில்தான் வாழ்ந்தது.

பணம் வந்தது. பணத்தோடு மறதியும் வந்தது. 1976 ஜூனில் நிக் கோன் என்பவர் ‘நியூயார்க்’ இதழில் ப்ரூக்ளின் இத்தாலிய இளைஞர்களின் சனிக்கிழமை இரவுகளைப் பற்றி எழுதினார். அதுவே மறு ஆண்டு ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படமானது. கதாநாயகனைப் பெரும்பாலும் கற்பனையாகத்தான் எழுதினேன் என்று கோன் இருபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். அதற்குள் டிஸ்கோ என்றால் வெள்ளைக் கோட்டு ஜான் ட்ரவோல்டா என்று ஆகிவிட்டது. நம்மூருக்கும் அது வந்தது அந்த வழியாகத்தான்: ட்ரவோல்டா, பிறகு இந்தியில் மிதுன் சக்ரவர்த்தி, பிறகு ‘பாடும் வானம்பாடி’யில் ஆனந்த் பாபு. இங்கே வந்து சேர்ந்தபோது அதை உருவாக்கியவர்களின் வாசனைகூட மிச்சமில்லை. ஸ்டூடியோ 54 கிளப் பற்றி இந்தத் தொடரில் எழுதவில்லையே என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். பிரபலங்களின் பட்டியல் அது; இசைக்கு அது கொடுத்தது குறைவு என்பது என் கட்சி.

கொடுத்த இடம் கிங் தெரு 84ஆம் எண். கார்கள் நிறுத்தும் பழைய கட்டிடம். மைக்கேல் பிராடி 1977இல் அங்கே பேரடைஸ் கராஜைத் தொடங்கி லாரி லெவனை உட்காரவைத்தார். ஒலி அமைப்பு ரிச்சர்ட் லாங்கின் கைவேலை. லாஃப்டின் சூத்திரம் அப்படியே: உறுப்பினர் அட்டை, மது கிடையாது, சனி இரவு தொடங்கினால் ஞாயிறு பகல்வரை ஆட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். சனிக்கிழமை தன்பாலீர்ப்பாளர்களுக்கு, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும். லெவனுக்குப் பிடித்துவிட்டால் ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் போடுவார். கூட்டம் வெளியேறினாலும் விடமாட்டார், பிடிக்கும்வரை போடுவார்.

ஊர் முழுக்க இப்படி எல்லோரையும் சேர்த்துக்கொண்டது என்று எழுதினால் பொய். ஃப்ளமிங்கோ, 1980இல் திறந்த செயின்ட் ஆகியவை வசதியுள்ள வெள்ளை ஆண்களின் கோட்டைகள். பெண்களுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை, கறுப்பர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஃபில்மோர் ஈஸ்ட் என்ற பழைய ராக் அரங்கில் கோளரங்கம் போலக் குவிமாடம் கட்டி, நடுவில் நட்சத்திரங்களைக் காட்டும் கருவியை நிறுத்தி, நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொட்டிய இடம் செயின்ட். அமெரிக்காவில் அதற்கு இணையான நடனத்தளம் அன்றைக்கு இல்லை என்பார்கள். விரட்டப்பட்டவர்களும் கையில் வாசல் சாவி கிடைத்ததும் இன்னொருவரை வெளியே நிறுத்தினார்கள்.

1981 ஜூலையில் 41 தன்பாலீர்ப்பாளர்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தி போட்டது. எய்ட்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன், முதலில் விழுந்தவர்களில் பலர் செயின்டின் உறுப்பினர்கள் என்பதால் அதைச் ‘செயின்ட் நோய்’ என்றும் சிலர் சொன்னார்கள். நோயாளிகளுக்கு உதவ கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் என்ற அமைப்பு 1982இல் உருவானது. அதை ஆரம்பித்தவர்கள் வெள்ளையர்கள். அவர்கள் ஏப்ரல் மாதம் நிதி திரட்டும் இரவை நடத்தியது கறுப்பர்கள் ஆடிய கராஜில்.

கராஜ் 1987 செப்டம்பரில் மூடியது. பிராடியை எய்ட்ஸ் கொண்டுபோனது. செயின்ட் 1988இல் மூடியது. லெவன் 1992இல், 38 வயதில் இதயக் கோளாறால் இறந்தார். மன்குசோ மட்டும் 2016வரை இருந்தார். நடனமாட உரிமம் கேட்ட 1926ஆம் ஆண்டுக் கேபரே சட்டத்தை நியூயார்க் நகரம் ரத்து செய்தது அதற்கு மறு ஆண்டு.

ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் 1977இலேயே சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அவரைத் தேடி அடுத்த வாரம் நாமும் போகிறோம். அதற்குள் முடிந்தால் டானா கார்ட்னரின் ‘ஹார்ட் பீட்’ பாடலை லாரி லெவனின் கலவையில் கேட்டுவிடுங்கள். போனில் கேட்க வேண்டாம், அடித்தாளம் காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருப்பார்.