உங்களுக்குத் தெரியுமா? துருவை அடக்கும் துவர்ப்பு!

காரின் அடிப்பகுதித் துருவுக்குப் பூசும் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். கடுக்காய் துவர்ப்பதும் இதே டானின் வகைப் பொருள்களால்தான்! டானிக் அமிலம் செந்துருவோடு வினைபுரிந்து, அதை எளிதில் கரையாத கருநீலப் படலமாக மாற்றிவிடும். (அதற்காகக் கடுக்காய்க் கஷாயத்தைக் காருக்கு ஊற்றிவிடாதீர்கள்.)

• இந்தத் திரவம் மேல்துருவுக்கு மட்டும். ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது தகடு உள்வாங்கினால், வெல்டிங் பட்டறைதான் கதி.

• உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். அதன் மேல் பிரைமர், பிறகு கோட்டிங். துருவின் மேல் நேராகக் கறுப்பு கோட்டிங் அடிப்பது வீண்செலவு. ஈரம் உள்ளேயே சிக்கி அரிக்கும்.

• பிரேக் டிஸ்க், சைலன்சர் பக்கம் திரவமோ கோட்டிங்கோ படக் கூடாது.

• சென்னை கோட்டூர்புரத்துக் கார்களுக்குத் துருவால் இரட்டைத் தொல்லை: சில கிலோமீட்டரில் கடல், பக்கத்திலேயே அடையாறு. 2015 டிசம்பர் வெள்ளம் இங்கே தெருக்களில் புகுந்தது நினைவிருக்கும். வெள்ளநீர் வடிந்தாலும் இடுக்குகளில் தங்கும் சேறு ஈரத்தை விடாது. கார்க் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் குத்தி அடைப்பெடுத்துவிடுங்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.