லொறியின் பகைவன் குளிரா, நீரா?

மாசி மாதம் பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே அறுவடைக்கு ஓய்வில்லை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு முதலிய இடங்களில் விளைந்த நெல், மூட்டை மூட்டையாக லொறிகளில் ஏறுகின்றது. 2014 ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் எழுவான்கரைக்கு வரும் வழி சுருங்கிவிட்டது. ஆயினும் அங்கிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பிரயாணம் உண்டு. நடுவழியில் லொறி நின்றுவிட்டால் நெல்லுக்குரியவர், லொறிக்குரியவர், சாரதி ஆகிய மூவரின் குடும்பங்களும் நட்டமடைகின்றன.

அவ்வாறு நின்றுவிடும் லொறிகளிற் சிலவற்றின் எஞ்சினிலே குற்றம் எதுவும் இராது. குற்றம் முழுவதும் அதற்கு ஊட்டப்பட்ட டீசலிலே இருக்கும். ஆகவே, “வடிகட்டியைத் திருத்தி அமைக்கலாமா? கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவர்கள் டீசலைச் சூடாக்கும் கருவி என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அதையும் பூட்டலாமா?” என்று லொறி வைத்திருப்போர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண்பதற்கு முதலில் டீசல் எஞ்சினின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மயிரிழையினும் நுண்ணிய வழி

1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரிலே ருடோல்ப் டீசல் என்பார் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிக இறுக்கமாக அமுக்கினால் அது கடுஞ்சூடு அடைகின்றது. அந்தச் சூட்டிலே எரிபொருளைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கின்றது. தூவும் வேலையைச் செய்வன பம்பும் ‘நொசில்’ எனப்படும் தெளிகுழாயுமாகும்.

நொசிலின் துளைகள் மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறியவை. பம்பினுள்ளே ஒன்றோடொன்று உராய்ந்து ஓடும் உறுப்புகளின் இடைவெளியோ சில மைக்ரோன்களே. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் பருமனுடையது. இத்துணை நுண்ணிய வழியிலே, புதிய ‘கொமன் றெயில்’ எஞ்சின்களில், டீசல் வளிமண்டலத்தைப்போல 1,500 மடங்கு, 2,000 மடங்கு அழுத்தத்துடன் பாய்கின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணற்றுகளும் அங்கே அரம்போல வேலை செய்யும் அல்லவா?

மேலும், பம்பின் உறுப்புகளுக்கு மசகாக உதவுவதும் அந்த டீசலே. அதனிடையே நீர் புகுந்தால் மசகு குன்றுகின்றது, உருக்கு துருப்பிடிக்கின்றது. சூடேறிய நொசிலின் நுனியிலே நீர் திடீரென ஆவியாகி அந்நுனியையே சிதைப்பதும் உண்டு.

குளிர்நாட்டு வழக்கம்

இனிச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பார்ப்போம். டீசலில் மெழுகு இயற்கையாகவே கரைந்துள்ளது. கடுங்குளிரில் அம்மெழுகு பிரிந்து, நுண்ணிய பளிங்குகளாகி, வடிகட்டியை அடைத்துவிடும். நுவரெலியாவிலே தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து வெண்மையாக நிற்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இமயத்தின் மடியிலுள்ள லடாக் பிரதேசத்திலே மாரிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரையிலும் இறங்கும். அங்கே சாதாரண டீசல் ஓடாமையால், பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை வரை உறையாத தனிவகை டீசலை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனம் 2019 நவம்பரில் அறிமுகஞ் செய்தது. கனடாவிலும் மாரிக்கென வேறு டீசல் விற்கப்படுகின்றது. அதனோடு, எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரினாலோ மின்சாரத்தாலோ வடிகட்டியைச் சூடாக்கும் ஏற்பாடும் அத்தேசங்களில் உண்டு. அங்கே அது ஆடம்பரமன்று, அத்தியாவசியம்.

மட்டக்களப்பிலோ மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. செங்கலடியிலிருந்து பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் லொறிகள் அங்கே உறைபனியைக் காணக்கூடும். ஆனால் அது தை, மாசி விடியல்களில் சில மணிநேரம் நிற்கும் பனி. கதிரவன் ஏறியதும் அகன்றுவிடும். நம் நாட்டில் டீசலைச் சூடாக்குவதால் பயனில்லை என்பதோடு தீமையும் உண்டு. சூடேறிய டீசல் நீர்த்துப்போகும், மசகுத்தன்மை குறையும், எஞ்சினின் வலுவும் சற்றுக் குறையும். இதனாலேயே புதிய எஞ்சின்கள் சிலவற்றில், தாங்கிக்கு மீளும் டீசலைக் குளிரவைக்கவே தனிக்கருவி பொருத்தப்படுகின்றது.

நீர் புகும் வழி

நமது பிரதேசத்தின் உண்மையான பகைவன் நீரே. வடகீழ்ப் பருவமழையும், வாவியின் ஈரக்காற்றும், வெள்ளம் மேவும் வீதிகளும் அதற்குத் துணை. அவற்றினும் பெரிய துணை, டீசலை நாம் சேமிக்கும் முறை.

முற்றத்தில் நிமிர்த்தி வைத்த பீப்பாய் பகல் வெயிலிற் சூடாகின்றது. திடீரென மழை பெய்ததும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகின்றது. அப்பொழுது மேல்மூடியைச் சுற்றித் தேங்கிய மழைநீர், இறுக்கமில்லாத திருகின் வழியே உள்ளே உறிஞ்சப்படுகின்றது. மூடி திறக்கப்படாதபோதும் நீர் புகும் விந்தை இதுவே. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது, நாட்கணக்காக வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கிடைத்த கலன்களிலெல்லாம் நிரப்பி வைத்தவர் பலர். பஞ்சம் கற்பித்த அவ்வழக்கம் எங்கே தொடர்கிறதோ அங்கே அபாயமும் தொடரும்.

நீர் டீசலினும் கனமானது. ஆதலால் அடியிலே தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில், வெப்பநாடுகளிலே, நுண்ணுயிர்கள் செழித்து வளர்ந்து வழுவழுப்பான கசடாகின்றன. வடிகட்டி அடிக்கடி அடைபடுமாயின் இக்கசடையும் ஐயுறவேண்டும்.

செய்யத்தக்கவை

பணம் செலவிட விரும்புவோர் அதனை நீர்பிரிக்கும் முதல்வடிகட்டிக்குச் செலவிடுக. தாங்கிக்கும் ஊட்டுபம்புக்கும் இடையே பொருத்தப்படும் அது, அடியிலே ஒளிபுகும் கிண்ணமும் வடிதிருகும் உடையது. அது 10 முதல் 30 மைக்ரோன் வரையான துகள்களைத் தடுத்தாற் போதும். அதைவிட நுண்ணியதை அங்கே வைத்தால் பம்பு டீசலை இழுக்கச் சிரமப்படும். நுண்ணிய வேலையை எஞ்சினுக்கு அருகேயுள்ள இரண்டாம் வடிகட்டி செய்யட்டும். வாங்குமுன், நமது எஞ்சினுக்கு மணிக்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் விசாரித்து, அந்த அளவுக்கு ஏற்றதையே தெரிதல் வேண்டும். குழாய்ப் பொருத்துகளிற் காற்றுக் கசிவு இருப்பின் எஞ்சின் தடுமாறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பணமின்றிச் செய்யத்தக்கவையும் உண்டு. இரவு முழுதும் நீர் அடியில் தங்கியிருப்பதால், காலையில் எஞ்சினை இயக்குமுன் வடிதிருகைத் திறந்து நீரை வெளியேற்றுக. நீர் சேர்ந்ததை அறிவிக்கும் விளக்கு லொறியிலே இருந்தால் அதை அலட்சியஞ் செய்யாதீர். பீப்பாயைக் கூரையின்கீழ், சற்றுச் சாய்த்து வைத்து, அடியிலுள்ள சிறிதளவு டீசலை எடுக்காது விடுக. புதிய வடிகட்டியைப் பூட்டும்போது, கலனிலிருந்து வடிக்காத டீசலை அதிலே ஊற்றாமல், கைப்பம்பினால் நிரப்புவதே உத்தமம்.

மாணவர்கள் வீட்டிலே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெரியோர் முன்னிலையில், தீக்கு அப்பால், சேமித்த டீசலின் அடிப்பகுதியிற் சிறிது எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு இரவு அசையாது வையுங்கள். விடிந்ததும் அடியிலே வேறு படையொன்று தெளிந்து நின்றால், தந்தையின் லொறியோ உழவு இயந்திரமோ எதைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

இன்னுமொன்று. வடித்தெடுத்த அழுக்கு நீரிலே டீசலும் கலந்திருக்கும். அதை வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் தகாது. வாவியின் இறாலையும் மீனையும் நம்பி வாழும் குடும்பங்கள் அதே கரையில் உள்ளன. ஒரு தகரப் பாத்திரத்தில் அதைச் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்த முறை உதிரிப்பாகக் கடைக்குச் செல்லும்போது, ஒரு வடிகட்டியின் விலையையும், கெட்டுப்போன பம்பைத் திருத்தும் கூலியையும் ஒருங்கே விசாரித்துப் பாருங்கள். எது சிக்கனம் என்பதை அவ்விரு தொகைகளே சொல்லிவிடும்.