கவர்னரில் கை வைக்கும் முன்

டீசல் பம்பைச் சாக்கில் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். வண்டி வேறு ஏதோ மாநிலத்தில் நிற்கும். பம்ப் மட்டும் திருச்செங்கோட்டுக்கு வந்திருக்கும். டெஸ்ட் பெஞ்சில் மாட்டி ஓட்டினால் பல நேரம் அதில் ஒரு குறையும் இருக்காது.

எங்கள் ஊர் போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர் போனது. பாறையைத் துளைக்கிற ஹேமருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரை ஓட்டத் தனியாக ஒரு பெரிய டீசல் இன்ஜின் இருக்கும். புது வண்டிகளில் எலெக்ட்ரானிக் வந்துவிட்டது. பழையவற்றில் இன்னும் மெக்கானிக்கல் கவர்னர்தான். என் பட்டறை ஓடுவதும் அவற்றை நம்பித்தான்.

பெட்ரோல் இன்ஜினில் காற்றை மட்டுப்படுத்தி வேகத்தை அடக்குகிறோம். டீசல் இன்ஜினில் காற்றுக்குத் தடை கிடையாது. விடுகிற டீசலின் அளவுதான் வேகம். லோடு இல்லாத நேரத்தில் சொட்டுக் கூடினாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும், குறைந்தால் அணைந்துவிடும். பம்புக்குள் ‘ராக்’ என்று ஒரு பல் தண்டு உண்டு. அது நகர்ந்தால் எல்லா சிலிண்டருக்கும் போகிற டீசல் சேர்ந்தாற்போல் கூடும், குறையும். அதை ஓயாமல் நகர்த்துவதுதான் கவர்னரின் வேலை. பம்பின் பின்பக்கப் பெட்டிக்குள் இரண்டு வெயிட்டுகள் சுழலும்; ஒரு ஸ்பிரிங் அவற்றை எதிர்த்து நிற்கும். வேகம் கூடினால் வெயிட்டுகள் விரிந்து ராக்கை மூடும், குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்துத் திறக்கும். ஐடிலிங் நிமிடத்துக்கு 700 சுற்று, மேல்வேகம் 2100 என்று வையுங்கள். வேகம் மூன்று மடங்குதான், வெயிட்டின் விசை ஒன்பது மடங்கு. ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினில் வைத்ததும் இதே சங்கதிதான். அது சில சமயம் ஏன் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்று மாக்ஸ்வெல் 1868-ல் கணக்குப் போட்டு ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்த ஆட்டத்துக்கு எங்கள் தொழிலில் ஹன்டிங் என்று பேர். போன் வரும். “அண்ணா, ஏறி ஏறி எறங்குதுங்க. கவர்னர் போயிருச்சுங்களா?”

“கவர்னர் கெடக்குதுங்க. டீசல் ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.

லைனில் காற்று ஏறினால் இன்ஜின் தடுமாறும். தடுமாறினால் கவர்னர் ராக்கைத் திறக்கும், அடுத்த நொடி டீசல் சரியாக வந்து வேகம் எகிறும், மறுபடி மூடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது, பழியும் அதற்குத்தான். ஃபில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பிரைமரை அடித்துப் பாருங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வர வேண்டும். எத்தனை அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால் டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கேயோ காற்று இழுக்கிறது. பைப் போல்ட்டில் போடுகிற செம்பு வாஷரைப் பழசையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, பம்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஹோஸில் நேராகப் பம்புக்கு விட்டால் சந்தேகம் தீரும். இன்ஜின் அடங்கி ஓடினால் பம்பைக் கழற்ற வேலையில்லை.

ரிக் வண்டியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. காற்றுத் தேவை குறையும்போது கம்ப்ரஸரின் ரெகுலேட்டர் ஒரு சின்ன ஏர் சிலிண்டர் மூலம் கவர்னர் லீவரை இழுத்து வேகத்தைக் குறைக்கும். அந்தக் கன்ட்ரோல் லைனில் தண்ணீர் தேங்கினாலோ, உள்ளே டயாஃப்ரம் கிழிந்தாலோ லீவரே முன்னும் பின்னும் ஆடும். லீவரை ஆட்டிவிட்டு இன்ஜின் ஆடுகிறது என்றால் என்ன செய்ய? சிலிண்டரையும் லீவரையும் இணைக்கும் ராடைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸருக்கு லோடு கொடுக்காமல், லீவரை நடு வேகத்தில் கையால் பிடியுங்கள். சீராக ஓடினால் கோளாறு காற்றுப் பக்கம். ராடின் பால் ஜாயின்ட் தேய்ந்து லொடலொடப்பதும் இதே வியாதியைத்தான் காட்டும்.

இரண்டும் சரி என்றால்தான் ராக். இன்ஜினை அணைத்து, ஸ்டாப் லீவரை இழுத்து விடுங்கள். ராக் தயங்காமல் போய்த் தயங்காமல் திரும்ப வேண்டும். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் ஒரு எலிமென்ட் துருப்பிடித்தால் போதும், ராக் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதிகம் கடுப்பேற்றுவது வேறொன்று. டீசல் கசிகிறது என்று டெலிவரி வால்வு ஹோல்டரைப் பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்குவார்கள். உள்ளே பேரல் கடுகளவு நசுங்கி ராக்கைக் கவ்விக்கொள்ளும். கசிவு நின்றிருக்கும், ஹன்டிங் ஆரம்பித்திருக்கும்.

இவ்வளவும் தாண்டினால் கவர்னரைத் திறக்கலாம். வெயிட்டின் பின் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், ஆயிலில் டீசல் கலந்து தண்ணியாகியிருக்கலாம். இதெல்லாம் டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் ஆகாத வேலை.

“லோடு போட்டா கொஞ்சம் எறங்குதுங்க” என்பது கோளாறே இல்லை. மெக்கானிக்கல் கவர்னர் வேகம் குறைந்தால்தான் கூடுதல் டீசல் விடும். ஜெனரேட்டரில் லோடு இல்லாதபோது 1500-க்குப் பதில் 1560 வைப்பது அதற்காகத்தான்.

இழுவை இல்லை என்று சீலை அறுத்து மேக்ஸிமம் ஸ்க்ரூவைத் திருப்புகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். அந்த ஸ்க்ரூ வேகத்தின் எல்லை. இழுவையைத் தருவது வேறு ஸ்டாப். அளவு மீறி ஓடினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், கனெக்டிங் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வரும்.

ராக் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டு இன்ஜின் கத்த ஆரம்பித்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் ஸ்டாப் லீவர். கேட்கவில்லை என்றால் காற்றை அடைக்க வேண்டும். டர்போ சீல் போய் ஆயிலைக் குடித்து ஓடுகிற இன்ஜினுக்கு டீசலை நிறுத்தியும் பயனில்லை. ஏர் இன்லெட் வாயை மூடுகிற அளவில் கெட்டிப் பலகை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் கிடக்கட்டும். உள்ளங்கையை வைத்தால் கை போகும், துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகையை வைக்க வழியில்லாத இடத்தில் இன்ஜின் இருந்தால், ஆட்களைக் கூட்டிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.