உம்மம்மாவின் குளிசை

என் உம்மம்மாவுக்கு 79 வயது. எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது முருங்கனில் எங்களோடு இருக்கிறார். போன வருடம் அவருக்கு அல்சைமர் எனும் மறதிநோய் என்று சொன்ன வைத்தியர், டொனெபெசில் என்ற குளிசையை 5 மில்லிகிராமில் தொடங்கினார். இரவு படுக்குமுன் ஒன்று.

மூன்றாம் கிழமையளவில் உம்மம்மா நடுச்சாமத்தில் எழும்பிக் கத்தத் தொடங்கினார். "வள்ளம் போகுது, புள்ளைய ஏத்துங்க" என்று உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். நோய் முற்றிவிட்டது என்றார் வாப்பா. ஓதிப் பார்க்கச் சொன்னார் சாச்சி. ஓதியும் பார்த்தோம். ஆனால் குளிசையை யாரும் சந்தேகிக்கவில்லை.

கிளினிக்கில் இதைச் சொன்னதும் வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, "குளிசை எத்தனை மணிக்குக் குடுக்கிறீங்க?" என்பதுதான். இந்தக் குளிசை சிலருக்கு நித்திரையில் கண்முன்னே நடப்பது போன்ற கனவுகளைத் தரும். காலைக்கு மாற்றினோம். சில நாட்களில் கத்தல் குறைந்தது. வள்ளக் கனவு முற்றாக நின்றுவிடவில்லை. அது குளிசைக்கு முன்பும் எப்போதாவது வந்ததுதான்.

உயர்தர உயிரியலில் அசற்றைல்கோலின் பற்றிப் படிக்கிறோம். நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் பொருள் அது. அல்சைமரில் மூளையில் அது குறைகிறது. அதை உடைக்கும் நொதியத்தை டொனெபெசில் தடுப்பதால், இருக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறது. நோய் மாறுவதில்லை, கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அசற்றைல்கோலின் மூளையில் மட்டுமா இருக்கிறது? குடலிலும் இதயத்திலும் தசையிலும் இருக்கிறது. அதனால்தான் குமட்டல், சத்தி, வயிற்றோட்டம், பசியின்மை, தசைப்பிடிப்பு, சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கம்.

கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊர் எங்களுடையது. மலத்தியன் போன்ற பூச்சிநாசினிகளும் இதே நொதியத்தைத்தான் தாக்குகின்றன. அந்த நஞ்சு உட்சென்றவருக்கு வாயூறுவதும், சத்தியெடுப்பதும், வயிற்றால் போவதும் அதனால்தான். இதை முதலில் அறிந்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. குளிசை மிகக் குறைந்த அளவில் கொடுக்கப்படுவது, நொதியத்தை நிரந்தரமாகக் கெடுக்காதது என்று ஆசிரியை விளக்கிய பிறகுதான் மனம் ஆறியது.

அளவை 10 மில்லிகிராமுக்குக் கூட்டியபோது உம்மம்மா சோற்றைத் தள்ளிவைத்தார். இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தார். உம்மா ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார். நான் உம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தாய் பட்டினி கிடப்பதை எந்த மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஆனால் மூன்று கிழமைக்குள் உம்மம்மா வுழூச் செய்யும் ஒழுங்கை மறந்து, குழாயடியில் நின்று அழுதார். வைத்தியர் ஏசவில்லை. மறுபடி 5 மில்லிகிராமிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். விட்ட இடத்திலிருந்து பழைய அளவைக் கொடுத்தால் சத்தி கடுமையாகுமாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கவும் சொன்னார்.

இன்னொன்றையும் வீடுகளில் கவனிக்க வேண்டும். தடிமனுக்கு நாங்கள் சாதாரணமாக வாங்கும் பிரிட்டன் குளிசை, அசற்றைல்கோலினின் வேலையைத் தடுப்பது. ஒன்று கூட்ட, மற்றது குறைக்கும். சலம் அடிக்கடி போவதற்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படியே. பார்மசியில் எதை வாங்கினாலும் மறதிநோய்க் குளிசை குடிப்பவருக்கு என்று சொல்லுங்கள். எழும்பும்போது தலைசுற்றினாலோ மயங்கி விழுந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது.

இப்போது என் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் உம்மம்மாவின் நித்திரை, சாப்பாடு, வயிறு, நிறை எல்லாவற்றையும் எழுதுகிறேன். கிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். கொப்பியை நீட்டினால் போதும். நிறை இன்னும் ஏறவில்லை. 41 கிலோவிலேயே நிற்கிறது. இப்படியே இருந்தால் தோலில் ஒட்டும் ரிவஸ்டிக்மின் பட்டிக்கு மாற்றிப் பார்க்கலாம், அது வயிற்றைக் குறைவாகவே குழப்பும் என்கிறார் வைத்தியர். உம்மம்மா அதைப் பிய்த்தெறியாமல் இருக்க முதுகில் ஒட்டலாம் என்று உம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.